முன்னாடி என்கிற சென்டர் ஃபார்வர்ட்

அந்த ஞாயிறு தோட்டத்து கேட்டில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல் காக்க நான். எனக்கு முன்னால் மண்டோரின், அதாவது மேஸ்திரியின், தம்பிகள் இருவர். நடுவில் ரப்பர் ஆலை ஆட்கள் மூவர். ஓரங்களில் லாரி டிரைவரும் அவர் மச்சானும். அவர்களுக்கு உள்பக்கம் மாட்டுக்காரரும் ஸ்டோர் ஆளும். எல்லோருக்கும் கடைசியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முன்னாடி.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அவனைப் போல ஒரு சென்டர் ஃபார்வர்ட் இருந்ததில்லை. இனி இருக்கவும் வேண்டாம்.

அவன் சொந்தப் பெயர் ஐசி என்கிற அடையாள அட்டையில் இருந்தது. வேறு எங்கும் இல்லை. பந்து எங்கே இருந்தாலும் அவன் எதிராளி கோல் பக்கத்தில் நின்றுகொண்டு, "முன்னாடி போடு! முன்னாடி!" என்று கத்துவான். அதுவே பெயராகிவிட்டது. எங்கள் பாதித் திடலுக்கு அவன் வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்.

எங்களிடம் வருமுன் ஐந்து தோட்டங்களுக்கு ஆடியிருந்தான். தோட்டத்துக்கு ஒரு சீசன். லாபு பக்கத்துத் தோட்டத்துக் கேப்டன் அவனை ஒப்படைத்தபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா வெச்சிக்குங்கண்ணே. திருப்பி அனுப்பிறாதீங்க லா."

அன்பு என்று நினைத்தேன்.

அது மலாயாவில் அவசரகாலம். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட சமயம். நாங்கள் குடியிருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி முள்கம்பி போட்டுவிட்டார்கள். திடல் வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. ஞாயிறு மாலை ஆட துரை அனுமதி கொடுத்தார். ஒரு நிபந்தனை. எத்தனை பேரை எண்ணி வெளியே விடுகிறார்களோ அத்தனை பேரும் ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அதோடு பந்தாட்டம் கிடையாது. பெயர்ச் சீட்டில் கையெழுத்து, தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி. பொறுப்பு கேப்டன். கேப்டன் நான்.

வாரம் ஆறு நாள் ரப்பர் பால் வெட்டு, ஆலை என்று உழைத்தோம். ஞாயிறு அந்த இரண்டு மணி நேரம்தான் எங்களுக்கென்று இருந்தது.

காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போகக் கூடாது என்று கேட்டில் சோதனை. பந்தையும் விடமாட்டார்கள். தோல் பந்தின் லேஸை அவிழ்த்து, உள்ளிருக்கும் பிளாடரை வெளியே எடுத்து, காற்றைப் பிடுங்கி, உள்ளே கைவிட்டுத் துழாவுவார் காவலர். அவர் மலாய்க்காரர். எங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். பிறகு நாங்கள் பம்ப் அடித்து மறுபடி லேஸ் கட்ட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன்பே களைப்பு.

ஒரு முறை முன்னாடியின் காலுறைக்குள் அவித்த மரவள்ளிக் கிழங்கு இருந்தது. காவலர் கண்டுவிட்டார்.

"என்ன இது?"

"பாதி ஆட்டத்துல பசிக்கும்ணே."

"சாப்பாடு வெளிய போகக் கூடாது லா!"

முன்னாடி அதை அங்கேயே வாயில் போட்டு விழுங்கினான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"இப்ப போலாமா?"

ஜெயிலுக்குப் போகிற விஷயம் அது. காவலர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எங்களுக்காக அவன் அடித்தது ஒரே கோல். அதுவும் முதுகில் பட்டுப் போனது. மற்றதெல்லாம் கோல் கம்பத்துக்கு மேலே. ஏன் என்று கேட்டால் பதில் தயார்.

"லேஸ் பக்கம் பட்டிருச்சுண்ணே. கட்டுனது யாரு?"

கட்டியது நான்.

"இவன எறக்குனாலும் நாம பத்துப் பேருதான்யா," என்பார் மாட்டுக்காரர். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய இரண்டு நிமிடம். பந்து தானாக அவன் காலடிக்கு வந்தது. எதிராளி கோல் கீப்பர் சேற்றில் வழுக்கிக் கிடந்தார். குழந்தைகூட அடித்திருக்கும். முன்னாடி அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே ஏறி ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டது.

இருந்தது ஒரே பந்து. நடுவர் விசில் ஊதி முடித்துவிட்டார். வேலை நேரம் தவிர, திடலைத் தாண்டி நாங்கள் மரத்துக்குள் போகக் கூடாது. போனால் பட்டாளத்துக்காரர்கள் சுடுவார்கள். யார் என்று கேட்டுவிட்டுச் சுடமாட்டார்கள். பந்தை மறுநாள் பால் வெட்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். முன்னாடியைக் காணோம். கோபித்துக்கொண்டு முதலிலேயே வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தோம். அவன் வழக்கம் அது.

கேட்டில் காவலர் எண்ணினார். பத்து. மறுபடி எண்ணினார். பத்து.

கிராணி யாழ்ப்பாணத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டுக்குள் நின்றார்.

"எங்க உன்ர சென்டர் ஃபார்வர்ட்?"

"வந்துருவான் ஐயா."

"ஆறு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம்தான் கிடக்கு. பிறகு திடலும் இல்லை, பந்தும் இல்லை, விளங்கிச்சோ?"

மண்டோர் தம்பிகள் அவன் பரம்பரையையே திட்டினார்கள். மாட்டுக்காரர் மட்டும் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பிகளும் வாயை மூடினார்கள். எல்லோர் காதும் துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்து நின்றது.

ஆறு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். ஓடி வரவில்லை. நடந்து வந்தான்.

"எங்கடா போன?"

"உள்ளதான். ரெண்டு மரம் கோலு மாதிரியே நின்னுச்சுண்ணே. அதே அடிய பத்து வாட்டி அடிச்சுப் பாத்தேன். எட்டு உள்ள போச்சு."

"மிச்சம் ரெண்டு?"

"லேஸ் பக்கம் பட்டிருச்சு."

கேட் மூடியது. அவனை யாரும் அடிக்கவில்லை. இன்றும் எனக்கு அது ஆச்சரியம்.

"இனி இவன்ர பேரை எழுதாதே," என்றார் கிராணி.

சரி என்றேன். அதற்குத் தேவையே இல்லாமல் போனது. புதன்கிழமை அவன் கெமாஸுக்குப் போய்விட்டான். ரயில் பாதை வேலை. அங்கே டீமில் முன்னால் நிற்க ஆள் வேண்டுமாம். அந்தக் கேப்டனை நினைத்தேன். பாவம்.

அடுத்த ஞாயிறு, "சென்டருக்கு யாருண்ணே?" என்று கேட்டார் டிரைவர். நாலு பேர் தயாராக நின்றார்கள். நால்வரும் நன்றாக ஆடுகிறவர்கள். அந்த இடத்துக்கு நான் யார் பெயரையும் கொடுக்கவில்லை. காவலர் பந்தைத் துழாவிக் கொடுத்தார். துருத்தாமல், தட்டையாக, அழுத்தி லேஸ் கட்டினேன். காவலர் எங்களை எண்ணினார்.

பத்து.