ரெபல் எண்டா ஜப்பான் பாஷையில என்ன?

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை, ஒரு கூட்டத்துல மொழிபெயர்க்கிறது. அவ்வளவுதான்.

சுனாமி அடிச்சு ஒரு வருசம் ஆகல்ல. களுவாஞ்சிக்குடிப் பக்கம் கடலோரத்துல நாங்க தகரக் கொட்டில்ல கிடந்து வேகுறம். வீடு கட்டித் தாறம் எண்டு ஜப்பான்ல இருந்து மொரி எண்டு ஒரு இஞ்சினியர் வந்திருந்தார். அவரோட வழக்கமா வாற மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல்.

ஊருக்குள்ள ஜப்பான் பாஷை தெரிஞ்ச ஒரே மேதை நான்தான். ரெண்டு வருசம் அங்க ஒரு தொழிற்சாலையில பெட்டி தூக்கினவன். "தூக்கு", "வை", "கவனம்" எல்லாம் தண்ணிபட்ட பாடு. வீடு கட்ட இது போதும் எண்டு நானே முடிவெடுத்திட்டன்.

மொரி வீட்டுப் படத்தை விரிச்சார். கதிரையில இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. கணவதி அண்ணன் மட்டும் எழும்பினார். மீன்பிடிக்கிற மனிசன், ஒருத்தருக்கும் தலையாட்டிப் பழக்கமில்ல. குசினியக் கடல் பக்கம் வெச்சா காத்துக்கு அடுப்புப் புகை முழுக்க வீட்டுக்குள்ளதான் வரும், மாத்தாட்டி கையெழுத்து வைக்க மாட்டன் எண்டார்.

ஒராள் கையெழுத்து வைக்காட்டியும் வேலை தொடங்காது.

வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பா கொழும்புல இருந்து வந்த மிஸ்சுக்குத் தமிழும் தெரியா, ஜப்பானும் தெரியா. மொரிக்கு இங்கிலீஷ் ஓடாது. நான் இங்கிலீஷில விளங்கப்படுத்தினதும் சிரிச்சாங்க. அவர் ஒரு ரெபல், நொன்கன்ஃபோமிஸ்ட் எண்டு மொரிக்குச் சொல்லுங்க எண்டாங்க. அந்தக் காலத்துல ரெபல் எண்ட சொல்லைச் சிரிச்சிக்கிட்டே சொல்லக்கூடிய ஆக்கள் கொழும்புல மட்டும்தான் இருந்தாங்க.

ரெண்டாவது சொல் எனக்கு இங்கிலீஷிலயே தெரியா. அதை விட்டுட்டன். முதலாவதை என்ட குட்டி அகராதியில தேடினன். 'ஹன்ரன்குன்' எண்டு கிடந்துது. கணவதி அண்ணனைக் கையால காட்டி, பெருமையா அதைச் சொன்னன்.

அதுக்கு அர்த்தம் கிளர்ச்சிப் படை.

மொரி படத்தைச் சுருட்டினார். எத்தனை பேர் எண்டு மெதுவாக் கேட்டார். குடும்பத்தைத்தான் கேக்கிறார் எண்டு நினைச்சு, வீட்டுல ஏழு பேர், வெளிய இன்னும் கனபேர் எண்டன். கையில என்ன வெச்சிருக்கிறாங்க எண்டார். ஒரு வலை, ரெண்டு கத்தி எண்டன்.

மொரி போய் வேனுக்குள்ள ஏறிக் கதவைச் சாத்தினார். றைவர் வேனை ஸ்டார்ட் பண்ணிட்டார். சனம் எல்லாம் என்னைத்தான் பாக்குது. எங்கட அத்தனை வீடும் அந்த வேனுக்குள்ள இருந்துது.

ஓடிப் போய் வேன் கண்ணாடியப் பிடிச்சன். அப்பதான் தொழிற்சாலையில கடைசி வரைக்கும் தொப்பி போட மாட்டன் எண்டு நிண்ட ஒரு கிழவன் ஞாபகம் வந்துது. மேலாளர் அவரை எப்பவும் 'ஹெசோமகாரி' எண்டுதான் ஏசுவார். தொப்புள் கோணினவன், அதாவது சொல்வழி கேளாத பிடிவாதக்காரன். கணவதி அண்ணனைக் காட்டி அதைக் கத்திச் சொன்னன்.

மொரி என்னைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடி நழுவுற அளவுக்குச் சிரிச்சார். வீட்டுல என்ட மனிசியும் அப்படித்தான் எண்டு சொல்லிக்கிட்டே இறங்கினார். நான் குசினியையும் புகை வாற பக்கத்தையும் கையால காட்டி விளங்கப்படுத்தினன். அவர் கடல் காத்துல கொஞ்ச நேரம் நிண்டு பார்த்துட்டு, படத்துல குசினிய மற்றப் பக்கம் மாத்திக் கீறினார்.

கணவதி அண்ணன் என்னை விடல்ல.

"அவர் ஏன்டா என்னைப் பார்த்துச் சிரிச்சவர்? என்ன சொன்னாய்?"

"உங்கட தொப்புள் கோணல் எண்டு சொன்னன் அண்ணன்."

மனிசன் கோபிக்கல்ல. அத்தனை சனத்துக்கும் மிஸ்சுக்கும் முன்னால போட்டிருந்த சேட்டைத் தூக்கி வயித்தைக் காட்டினார்.

"நேராத்தானே கிடக்கு. பிழை படத்துலதான் எண்டு சொல்லு."

மொரி கண்ணாடியச் சரிபண்ணி, குனிஞ்சு, வடிவாப் பார்த்துட்டுத் தலையாட்டினார்.

அடுத்த கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டாங்க. கதிரை அடுக்க.