ரீஃபண்டுக்கு ஆறு எண்

இந்த வருஷம் வருமான வரி ரீஃபண்டைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடுவதில்லை என்று பிழை திருத்துபவர் முடிவெடுத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தனியாக எடுத்த முதல் முடிவு.

அச்சகத்தில் அவருக்குப் பெரிய பெயர். ஐந்நூறு பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவார். வரிக் கணக்கையும் தானே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தாக்கல் செய்தார். திரும்பி வரும் பணத்துக்கு வேலையும் தயார். ஃபர்னிச்சர் கடையில் ஒரு சாய்வு நாற்காலி. பிடியை இழுத்தால் கால் பலகை தானாக எழுந்து வரும். தினமும் சாயங்காலம் அதில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்ப்பார். "வாங்க சார், உங்க சீட்டு காலியாத்தான் இருக்கு" என்று கடைக்காரரே கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டது.

நாலு வாரம் தாண்டிவிட்டது. பணம் வரவில்லை.

"எனக்கு ஒன்பதே நாள்ல வந்துடுச்சே!" என்றார் அச்சகத்தில் புத்தகம் தைக்கும் பைண்டர். "உறுதி பண்ணீங்களா?"

"எதை?"

"போச்சு போங்க. தாக்கல் பண்ணா மட்டும் போதுமா? போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போடணும். போட்ட நாள்லேருந்துதான் கணக்கே ஆரம்பம். முப்பது நாள்ல போடலைன்னா, பண்ணின தாக்கலே செல்லாது."

ஊரார் பிழையெல்லாம் திருத்தியவர் கடைசி வரியைப் படிக்காமல் கம்ப்யூட்டரை மூடியிருக்கிறார். அன்றுதான் முப்பதாவது நாள்.

வீட்டுக்கு ஓடிவந்து கம்ப்யூட்டரைத் திறந்து, எண் கேட்கும் பொத்தானை அழுத்தினார். எண் வந்தது. அவர் போனுக்கு அல்ல. என்றைக்கோ அவர் பெயரை வருமான வரித் தளத்தில் பதிந்து கொடுத்த மனைவி, தன் போன் நம்பரையே கொடுத்துவைத்திருந்தாள். சமையலறையில் 'டிங்' என்றது.

அந்த அம்மாள் பல் டாக்டர் கிளினிக்கில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பவள். வீங்கின கன்னத்தோடு வருகிறவரையே இரண்டு மணி நேரம் உட்கார வைப்பவள்.

"ஏம்மா, உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். சும்மா படியேன்."

"என்ன நம்பர்?"

"ஏதோ ஆபீஸ் விஷயம்."

"வருமான வரின்னு போட்டிருக்கே. உங்க ஆபீஸ் எப்போ அங்க மாறிச்சு?"

"சீக்கிரம் சொல்லும்மா, பத்து நிமிஷம்தான் செல்லும்!"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அடுப்பை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"பணம் வந்தா என்ன பண்றதா உத்தேசம்?"

"ஒரு... நாற்காலி."

"உண்மை பேசினதுக்கு ஒரு எண் தரேன். நாலு. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்.

"நாற்காலி வேண்டாம். துணி துவைக்கிற மெஷின்."

"ஐயோ, என் முதுகு—"

"உங்க முதுகு நாள் பூரா உக்காந்திருக்கு. என் முதுகுதான் குனிஞ்சு கசக்குது."

"சரி, சரி!"

"ஏழு."

மூன்றாவது எண்ணுக்கு, கட்டிலடியில் இருபது வருஷமாகக் கிடந்த ப்ரூஃப் கட்டுகள் பழைய பேப்பர்காரருக்கு என்று முடிவாயிற்று. நாலாவதற்கு, ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவர் தலையில் விழுந்தது. ஐந்தாவதற்கு, ஒரு மாசம் தங்க வரும் அவருடைய அக்கா ஒரே வாரத்தில் கிளம்ப வேண்டும்.

"அக்கா என்ன நினைப்பா?"

"ஒரு வாரத்துல நினைக்கிறதை நினைச்சுட்டுப் போகட்டும்."

தலையாட்டினார். "பூஜ்யம்" என்றாள்.

ஆறாவது எண்ணுக்கு என்ன கேட்பது என்று அவளுக்குத் தோன்றவில்லை. மோட்டுவளையைப் பார்த்தாள். அவர் சட்டை நனைந்துவிட்டது.

"எதையாவது கேளேன்!" என்று கெஞ்சினார்.

"அவசரப்படுத்தாதீங்க. கேட்டா உருப்படியா கேக்கணும்." இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "போகட்டும், இது இனாம். ஒன்பது."

பாய்ந்து போய் எல்லாவற்றையும் தட்டினார். திரையில் சிவப்பெழுத்து வந்தது. நேரம் கடந்துவிட்டதாம், புது எண் கேட்க வேண்டுமாம். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பொத்தானை அழுத்தினார். சமையலறையில் மறுபடி 'டிங்'.

மனைவி போனை எடுத்துப் பார்த்தாள்.

"நீங்க ஒத்துக்கிட்டதெல்லாம் பழைய நம்பருக்கு. இப்போ புதுசு வந்திருக்கு. முதல் எண்ணுக்கு வருவோமா?"