அருவியில் விழுந்த மச்சானுக்கு

சேசு மரி சூசை துணை.

ஓசூரில் பெரிய கம்பெனியில் சூப்பர்வைசராக உயர்ந்து, சங்கராபுரம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதையே மறந்துபோன என் பிரியமுள்ள மச்சான் அமல் அவர்களின் சமூகத்துக்கு, தங்கச்சி புருஷன் சவரிமுத்து தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ரீத்தாவும், மலையிலிருந்து கிழங்கு லோடு இறக்கும் நம் வண்டியும் ஆண்டவர் புண்ணியத்தில் இருமிக்கொண்டே நலம். அங்கு நீயும் நலமாக இருப்பாய். எனக்குத் தெரியும். ஊரில்தான் பாதிப் பேருக்கு அதில் சந்தேகம். போன்ல சொல்லியிருப்பேன், "மீட்டிங்ல இருக்கேன்"னு பாதியில கட் பண்ணிடுவ. லெட்டர்னா முடிவு தெரியாம கீழ வைக்க மாட்ட. உன் புத்தி எனக்குத் தெரியாதா.

சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, ஆனாலும் ஒத்துக்கறேன். நான் கதை எழுதறேன் மச்சான். கொலைக் கதை. பஸ் ஸ்டாண்டு கடையில முறுக்கு பாக்கெட்டுக்குப் பக்கத்துல கிளிப்பு போட்டுத் தொங்குமே, அந்த மாத நாவல். அட்டையில வெள்ளிமலை வேந்தன்னு இருந்தா அது நான்தான், சிரிக்காத. கிழங்கு அரைக்கிற சேகோ மில் வாசல்ல வண்டி வரிசையில நிக்கறப்போ ஸ்டீயரிங் மேல அட்டைய வச்சுக்கினு எழுதறது. கள்ளக்குறிச்சியில அச்சாபீஸ் வச்சிருக்கற தங்கமணி அண்ணன்தான் போடறாரு. பேரும் அவர் வச்சதுதான். "சவரிமுத்துன்னு போட்டா ஜனங்க ஜெபப் புத்தகம்னு நெனச்சு கண்ணுல ஒத்திக்கினு திருப்பி மாட்டிட்டுப் போயிடுவாங்கப்பா"ன்னாரு.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். கடைசியா எழுதுன கதையில உன்னைக் கொன்னுட்டேன். கோவத்துல இல்ல, பழக்கத்துல. யாரைக் கொல்லலாம்னு கண்ண மூடினா நீதான் வந்து நிக்கிற. உன் பேரு, உன் நெத்தித் தழும்பு, சிரிக்கறப்போ மூக்கால ஒரு சத்தம் விடுவியே அது, எல்லாத்தையும் போட்டுட்டேன். ஓசூர்லேர்ந்து வர்ற அமல் சொந்தக்காரங்க வூட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காம, நேரா கல்வராயன் மலைக்கு அருவி பாக்கப் போறான். எவனோ பின்னாலேர்ந்து தள்ளிடறான். சட்டைதான் கிடைக்குது. அதோட மொத பாகம் முடியுது. சொந்த வூட்டுக்கு வராதவனுக்கு இதுதான் கதின்னு ஒரு வரி எழுதியிருந்தேன், தங்கமணி அண்ணன் "இது இன்னாய்யா, கதையா, கொமட்டுல குத்தா"ன்னு அடிச்சுட்டாரு.

எல்லாத்துக்கும் காரணம் நீதான். ஞாபகம் இருக்கா, பாவாடை அண்ணனோட வாடகைப் புத்தகக் கடை? நான் அஞ்சாவதோட மாடு மேய்க்கப் போயிட்டேன், அப்போ எழுத்துக் கூட்டவே நாக்கு தள்ளும். நீதான் கோயில் பின்சுவத்துல சாஞ்சுக்கினு, பாட்டுப் புத்தகத்துக்குள்ள நாவலை வச்சு எனக்குப் படிச்சுக் காட்டுவ. உபதேசியார் அந்தப் பக்கம் வந்தார்னா, ரத்தம் சொட்டிக்கினு இருந்த எடத்துலேர்ந்து அப்படியே ஜெபமாலைக்குத் தாவிடுவ, குரல்கூட மாறாது. அவரும் "நல்ல புள்ளைங்க"ன்னு தலையத் தடவிட்டுப் போவாரு. தவக்காலத்துல உங்கம்மா நாவலுக்குத் தடை போட்டுடும். நீ பழைய கதைங்கள வாயாலயே சொல்லி ஒப்பேத்துவ. உயிர்ப்புப் பூசை முடிஞ்ச கையோட, புதுச் சட்டையோட, பலகாரம்கூடத் தின்னாம பாவாடை அண்ணன் கடைக்கு ஓடுவோம். ஒரு ஆளு கல்லறையிலேர்ந்து எழுந்து வந்த சந்தோஷத்துல, எந்த ஆளு செத்தான்னு பாக்க ஓடுன பசங்க நாம ரெண்டு பேருதான்.

புத்தகம் கைக்கு வந்தா நீ மொதல்ல கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவ. பாதிப் புத்தகத்துல அது இருக்காது, எவனாவது கிழிச்சிருப்பான். அப்ப உன் மூஞ்சி போற போக்கப் பாக்கணுமே! "டேய் சவரி, நீ சொல்றா, இன்னா ஆயிருக்கும்?"னு கேப்ப. நான் சொல்லுவேன். நான் சொல்ற முடிவுல கொலைகாரன் சாமியார்கிட்ட ஓடி, முழங்கால் போட்டு, தேம்பித் தேம்பி அழுவான். நீயும் நானும் அறிஞ்ச ஒரே முடிவு அதானே மச்சான். இப்பவும் என் கையில அதான் வருது. "யோவ் வேந்தா, ஒரே ஒரு மாசம் ஒருத்தனாவது திருந்தாம ஜெயிலுக்குப் போகட்டுமேய்யா. உன் இன்ஸ்பெக்டர் எல்லாக் கதையிலயும் கைவிலங்கோட சாமியார் ரூம் வாசல் பெஞ்சுல உக்காந்துக்கினு இருக்கான்"னு தங்கமணி அண்ணன் தலையில அடிச்சுக்கறாரு. "மன்னிப்பு கேக்காம அவன் எப்படிண்ணே தூங்குவான்?"னு கேட்டேன். "கொலைகாரன் தூங்கலன்னா உனக்கு இன்னாய்யா?"ன்னாரு. எனக்குத் தூக்கம் வரல மச்சான், அதான் விஷயம்.

இப்ப உன் சாவுக்கு வர்றேன். கல்லறைத் திருநாளுக்கு செத்தவங்க பேரைச் சீட்டுல எழுதிப் பெட்டியில போடுவோம் இல்ல, பூசையில சாமியார் வரிசையா வாசிப்பாரே. கோயிலுக்குப் பூ கட்டுற நம்ம தைலம்மா அக்கா என் கதையைப் பேத்திய விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்குது. கதைன்னு அதுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும், "பாவம், சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம்கூடப் பண்ணாம விழுந்துட்டான், அவனுக்குன்னு யாரு இருக்கா"ன்னு சீட்டு எழுதிப் போட்டுடுச்சு. புதுசா வந்த சின்ன சாமியாருக்கு உன்னைத் தெரியாது. "மலை அருவியில் விழுந்து மரித்த அமல்"னு நிறுத்தி, நிதானமா வாசிச்சாரு. கோயிலே திரும்பி ரீத்தாவைப் பாக்குது. ரீத்தா "ஐயோ அண்ணா"ன்னு போட்ட சத்தத்துல மணி அடிக்கிறவன் மணிய அடிச்சுட்டான். நான் பதறிப்போய் எழுந்து, "சாவல, சாவல, அது சும்மா நான் கொன்னது!"ன்னு கத்துனேன். அது இன்னும் தப்பாப் போச்சு. உனக்குப் போன் போட்டா சுவிட்ச் ஆஃப்.

பூசை முடிஞ்சதும் சாமியார் ரூமுக்குக் கூப்பிட்டாரு. கதவைச் சாத்துனாரு. செத்தோம்னு நெனச்சேன். "தள்ளுனது யாருங்க?"ன்னு மெதுவாக் கேட்டாரு. மொத பாகம் அவரும் படிச்சிருக்காரு, நான் கத்துனப்போதான் பேரு ஞாபகம் வந்துச்சாம்! "ஃபாதர், அது பாவசங்கீர்த்தன ரகசியம் மாதிரி, வெளியே சொல்லக் கூடாது"ன்னுட்டு வந்துட்டேன். தைலம்மா அக்காகிட்ட "அமல் உயிரோட இருக்கான்க்கா, பூசை வீணாப் போச்சே"ன்னா, "எதுக்கு வீணாப் போவுது? வச்சது வச்சதுதான், அவன் சாவறப்போ எடுத்துக்கட்டும்"னுடுச்சு.

வழியெல்லாம் ரீத்தா எனக்கு முன்னால விறுவிறுன்னு நடந்துச்சு. கோவத்துல சோத்துல உப்பு ஜாஸ்தியா விழும்னு பாத்தா அப்படி இல்ல. அடுப்பைப் பாத்துக்கினே, "செத்துட்டான்னதும் எத்தினி பேரு ஓடியாந்து கேட்டாங்க பாத்தியா? உயிரோட இருக்கறப்போ அவன் எப்படி இருக்கான்னு ஒருத்தரும் கேக்கலியே. நானும் அவனா வந்தா வரட்டும்னு வுட்டுட்டேனே"ன்னுச்சு. உங்கம்மாவ அடக்கம் பண்ணிட்டுப் போனவன் நீ. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரீத்தா உனக்குன்னு ஒரு தட்டு அதிரசம் மூடி வைக்குது. ஜனவரியில மூணு ராஜா திருநாள் வரைக்கும் நீ வரமாட்ட. அப்புறம் கல்லு மாதிரி ஆனதை நான்தான் தின்னணும். என் கடைவாய்ப் பல்லு ஆடறதுக்கு நீதான் பொறுப்பு.

அதனால கேளு. ரெண்டாம் பாகம் டிசம்பர்ல வருது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வர்றேன்னு சொன்னா, அருவியில கிடைச்சது வேற எவன் சட்டையோ. சொல்லலன்னா உன் சட்டைதான், நீ செத்தது செத்ததுதான், தைலம்மா அக்கா வருஷா வருஷம் சீட்டு போடும். உன் உயிரு உன் கையில.

கம்பெனியில் உன் மேலதிகாரிகளுக்கு நல்ல புத்தியும், உனக்கு லீவும், வழியில் ஜன்னல் சீட்டும் கிடைக்க மாதா மன்றாடுவாளாக. ரீத்தா உன்னை விசாரித்தாள். சாமியாரும் விசாரித்தார், வேற மாதிரி.

இப்படிக்கு,
உன்னைத் தள்ளாத
சவரிமுத்து

பி.கு: நீ இதைத்தான் மொதல்ல படிச்சிருப்ப. மேல எழுதி முடிச்ச லெட்டர் கொஞ்ச நாளா வண்டியிலயே கிடந்துச்சு. மிரட்டுனதெல்லாம் சும்மா. லெட்டர் எழுதறதுக்கு முன்னாடியே உன்னைப் பிழைக்க வச்சுட்டேன். கடைசிப் பக்கத்துல நீ கிழங்கு மூட்டை மேல உக்காந்துக்கினு நம்ம வண்டியில மலையிறங்கி வர்ற. தள்ளுனவனும் கூட வர்றான், சாமியாரைப் பாக்க. எல்லாத்தையும் கவர்ல போட்டுத் தங்கமணி அண்ணன்கிட்ட கொடுத்தேன். அவர் அச்சடிச்சு இன்னிக்குக் காலையில ஒரு புத்தகம் கொடுத்தாரு. கடைசிப் பக்கம் இல்ல. அச்சாபீஸ் மேல தப்பு இல்ல. உனக்கு எழுத ஒரு தாள் கம்மியா இருந்துச்சுன்னு பக்கத்துல கிடந்த கதைத் தாளைப் பாக்காம எடுத்துட்டேன். இந்தத் தாளைத் திருப்பிப் பாரு. வர்றப்போ எடுத்துக்கினு வா.