கனம் பாத்து வாங்கின பவர் பேங்க்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.

மச்சானுக்க மகளுக்கு இரணியல்ல ஒரு மண்டபத்துல நிச்சயம். மச்சான்னா எனக்க பொண்டாட்டிக்கு அண்ணன். குவைத்துல வேலை. பெத்த மகளுக்க நிச்சயத்துக்கு லீவு கேட்டுக் கேட்டுப் பாத்தார், கிடைக்கல.

"மோதிரம் போடுகத மட்டும் வீடியோவுல காட்டிரு மாப்ளே, வேற ஒண்ணும் வேண்டாம்"ன்னு சொல்லும்போது அவருக்க குரல் ஒருமாதிரி ஆயிட்டு. எனக்கும் கண்ணு கலங்கிட்டு.

பந்தி, பூ, வேன் ஒண்ணையும் எங்க குடும்பத்துல என்கிட்ட ஒப்படைக்க மாட்டாவ. அதுக்குக் காரணம் உண்டு, அது இப்போ வேண்டாம். இந்த வேலைய மட்டும் நம்பித் தந்தாவ.

முந்தின நாள் மழையில லைன் மேல மரம் சாஞ்சு வீட்டுல கரண்டு இல்ல. போனுல சார்ஜும் இல்ல. பக்கத்து வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு, போய் போனைக் குத்தி சார்ஜ் ஏத்திட்டு வாங்கன்னு பொண்டாட்டி சொன்னா. நான் கேப்பனா? போற வழியில நாகர்கோயில்ல ஒரு பவர் பேங்க் வாங்கிக்கிடலாம்ன்னேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு தள்ளுவண்டியில பவர் பேங்கா குமிஞ்சு கெடக்கு. ஒவ்வொண்ணா கையில தூக்கிப் பாத்தேன். நமக்கு அந்தப் பழக்கம் உண்டுல்லா. பலாச்சக்கையானாலும் மரச்சீனிக் கிழங்கானாலும் தூக்கிப் பாக்காம வாங்க மாட்டோம்.

ஒண்ணு லேசா இருந்து. இது ஒண்ணுக்கும் கொள்ளாதுன்னு தள்ளிட்டேன். இன்னொண்ணு செங்கல்லு கணக்கா இருந்து.

"அண்ணாச்சி, கனம் இருந்தாத்தான் உள்ள சரக்கு இருக்கும்"ன்னு வண்டிக்காரருக்கு நான் பாடம் எடுத்தேன். "கரெக்டு சார்"ன்னார்.

நல்ல மனுசன். பொய் சொல்லல. என்ன சரக்குன்னு நானும் கேக்கல.

பட்டனை அமுக்கினேன். நாலு நீல லைட்டும் பளிச்சுன்னு எரிஞ்சுது. ஃபுல்லு!

மண்டபத்துக்குப் போனதும் பொண்டாட்டி மறுபடி தொடங்கினா. அடுக்களைப் பக்கம் பிளக்கு இருக்காம், இப்பமே போனைக் குத்தி வைங்கன்னா. நான் பவர் பேங்கை அவ கையில வச்சேன். "கனத்தைப் பாத்தியாட்டி?" அவ திருப்பித் தந்துட்டுப் போயிட்டா.

மாப்பிள்ளைக்க சித்தப்பா பக்கத்துல இருந்தார். இதுக்குள்ள என்னதான் இருக்கும்ன்னு பாவம், தெரியாம கேட்டுட்டார்.

நான் யூடியூப்ல பாத்தது முழுக்க இறக்கினேன். உள்ள லித்தியம் செல்லு வரிசையா அடுக்கியிருக்கும். செல்லு தரது நாலு வோல்ட்டுக்கும் கொறைவு, போனு கேக்கது அஞ்சு. அதுக்குன்னு ஒரு சின்ன போர்டு உண்டு, அது வோல்ட்ட ஏத்திக் குடுக்கும். சார்ஜ் நெறைஞ்சா அதுவே நிறுத்தும், ரொம்ப எறங்கினாலும் அதுவே நிறுத்தும். கனம் பூரா செல்லுதான். சித்தப்பா தலைய ஆட்டிக்கிட்டே இருந்தார். தப்பிச்சுப் போகவும் வழியில்ல, நான்தான் வழியில இருந்தேன்.

நேரம் வந்துது. மச்சானை வீடியோவுல விளிச்சேன். புதுச் சட்டை போட்டு, தலை சீவி, கட்டில்ல நிமிந்து இருக்கார். போனு சாகப்போற நெலைமை. பவர் பேங்கைக் குத்தினேன். சார்ஜ் ரெண்டு மூணு பெர்சன்ட் ஏறிச்சு. நான் பொண்டாட்டியத் தேடி ஒரு பார்வை பாத்தேன்.

மச்சானுக்க பிள்ளை கையை நீட்டினா. மாப்பிள்ளை மோதிரத்தை எடுத்தான்.

போனு செத்துது.

பவர் பேங்குல நாலு லைட்டும் நின்னு எரியுது.

பிள்ளை கையை மடக்கிட்டா. "அப்பா பாக்காம நான் கை நீட்ட மாட்டேன் மாமா"ன்னா. கண்ணு நெறஞ்சிட்டு. ராகுகாலம் வரப்போகுன்னு பெரியவங்க மணியப் பாக்காவ. பொறவு எல்லாரும் என்னையப் பாக்காவ. 

லூஸ் கனெக்சன்தான்னு சொல்லி, தாம்பூலத் தட்டுல எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்துல இருந்த கத்திய எடுத்து பவர் பேங்கை நெம்பினேன். அந்த நேரத்துல அந்த புத்திதான் வந்துது.

மூடி தெறிச்சுது. உள்ள கட்டைவிரல் அளவுல ஒரே ஒரு செல்லு. தபால்தலை மாதிரி ஒரு போர்டு. மிச்ச இடம் பூரா ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். கத்தி பட்டுப் பொட்டலம் கிழிஞ்சு, வெத்தலை மேல பொலபொலன்னு கொட்டிச்சு.

மணல்.

சித்தப்பா ஒரு நுள்ளு எடுத்து விரல்ல தேச்சுப் பாத்தார். "இதுதான் அந்த லித்தியமா?"ன்னு கேட்டார். கேலி பண்ணி களியாக்கல. சத்தியமா கேட்டார். அதுதான் இன்னும் தாங்கல.

கடைசியில மாப்பிள்ளையே அவனுக்க போனை எடுத்து, பிள்ளைகிட்ட நம்பர் கேட்டு விளிச்சான். "மாமா, நான்தான். பாருங்க, இப்போ போடப்போறேன்"ன்னான். மச்சானை அவன் மாமான்னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மோதிரம் போட்டாச்சு. மச்சான் அங்கன அழுகார், பிள்ளை இங்கன அழுகா. நானும் அழுதேன், என் அழுகைக்குக் காரணம் வேற.

கண்ணைத் துடைச்சிட்டு மச்சான், நடுவுல என்ன ஆச்சுன்னு கேட்டார். பொண்டாட்டி அந்தப் போனை வாங்கி, மெதுவா தாம்பூலத் தட்டுப் பக்கம் திருப்பிக் காட்டினா.

மச்சான் முகத்தைப் போனுக்குக் கிட்ட கொண்டுவந்து பாத்தார்.

"மாப்ளே, மணலு வேணும்ன்னா எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. இங்கன வேற என்ன இருக்கு?"