ஞாயிறுதோறும் நிற்கும் லிஃப்ட்

போராடி வாங்கிய உரிமையை நம் லிஃப்ட் மெக்கானிக் மாதிரி யாரும் ஒளித்து வைத்திருக்க மாட்டார்கள். விடுமுறை நாளில் கம்பெனி கூப்பிட்டால் போக வேண்டியதில்லை என்று சங்கம் ஜெயித்திருந்தது. மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. விட்டால் ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் கச்சேரி அம்போ.

ஏற்பாடு பக்கா. அடுத்த தெரு அடுக்குமாடி வாட்ச்மேன் போன் போடுவார். "ஐயையோ, லிஃப்ட் நின்னுடுச்சா?" என்று இவர் அலறிக்கொண்டு ஓடுவார்.

நிஜமாகவே ஓடிய காலமும் உண்டு. கல்யாணமான புதிதில் மாடி வீட்டுக்குத்தான் கம்பெனி போன் வரும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். எத்தனை நேரமானாலும் அவள் சாப்பிடாமல் காத்திருப்பாள். கிரீஸ் கையோடு திரும்பினால் சூப்பர்வைசரை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் பரிமாறுவாள். அதை இவர் இன்றைக்கும் மறக்கவில்லை. அதற்காகச் சீட்டை விட முடியுமா?

அந்த ஞாயிறும் போன் வந்தது. அலறினார். அவளும் செருப்பை மாட்டினாள்.

"நீ எங்க?"

"உங்ககூடத்தான். ஒரு நாள் மெஷின் ரூமைக் காட்டறேன்னு கல்யாணமான புதுசுல சொன்னீங்க. பொண்ணையே கட்டிக் குடுத்தாச்சு, அந்த ஒரு நாள் இன்னும் வரல."

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்குடி!"

"பாவம். அப்ப வேகமா நடங்க."

வழியெல்லாம் பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாள். இவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அங்கே போனதும் அவளே பொத்தானை அமுக்கினாள். நின்றுபோன லிஃப்ட் ஜம்மென்று இறங்கி வந்தது. உள்ளே சீட்டுக்கட்டோடு வாட்ச்மேன்.

"வாங்கண்ணே, கலைச்சுப் போட..." பாதியில் அவர் வாய் நின்றுவிட்டது.

"லீவுல கூப்பிட்டா போக வேணாமாமே? சங்கம் ஜெயிச்ச அன்னிக்கே சூப்பர்வைசர் சம்சாரம் சொல்லிட்டா," என்றாள் அவள்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சரி, வாங்க உக்காரலாம். எனக்கும் ஒரு கை போடுங்க."

போட்டார்கள். எல்லா ஆட்டமும் அவளுக்கே.

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. இவர் பாய்ந்து எடுத்தார்.

"அண்ணே, அண்ணிகிட்ட குடுங்க."

அவள் கிளம்பினாள்.

"நானும் வரேனே," என்றார் பரிதாபமாக.

"சங்கம் என்ன நினைக்கும்? போராடி வாங்கின உரிமை. வீட்லயே இருந்து நல்லா அனுபவிங்க."