டெரன்ஸின் சொந்தத் தாளம்

டெரன்ஸ் கீபோர்டில் கை வைத்தான். தொட்டிலில் கிடந்த ரெனீ வீறிட்டாள்.

"அப்பன் வாசிச்சாலே இப்படித்தான்," என்று ஜெனட் பிள்ளையைத் தூக்கினாள். "ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். கோயில்ல இப்படிக் கத்துனா என்னா பண்றது?"

டெரன்ஸின் கவலையும் அதுதான். மகளின் ஞானஸ்நானத்துக்குத் தன் கையால் வாசிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பாடகர் குழுத் தலைவர் அம்புரோஸுக்கோ அவன் வாசிப்பு என்றாலே கடுப்பு. தாளம் நொண்டும். மூன்றாவது அடி எப்போதும் கொஞ்சம் தாமதித்துத்தான் விழும்.

"அது என் சொந்த ஸ்டைல்ணே. யாருகிட்டயும் கத்துக்கல," என்பான் பெருமையாக.

அம்புரோஸ் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் தானாகத் தாளம் போடும் கீபோர்டு ஒன்றை அவன் தலையில் கட்டினார். தாளம் நேராயிற்று. பிள்ளைதான் கோணிக்கொண்டது.

"கோயில் பாட்டு பிடிக்கல போல. சினிமா மெலடி வாசிச்சுப் பாருலா," என்றாள் பக்கத்து வீட்டுக் குமுதா.

வாசித்தான். கீபோர்டு தானாகத் தாளம் தட்ட, ரெனீ மூச்சு முட்ட அழுதாள்.

"எங்க வீட்டுப் பிள்ளைங்க உருமி மேளம் கேட்டாத்தான் தூங்கும்," என்று குமுதாவின் புருஷன் கந்தன் ஸ்பீக்கரையே தூக்கிக்கொண்டு வந்தான். அவன் போட்ட போட்டில் தோட்டத்து லயன் வீடுகளின் நாய்கள் அத்தனையும் சேர்ந்து ஊளையிட்டன.

டெரன்ஸின் அத்தை பார்பரா காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். அவள்தான் ரெனீயின் ஞானத்தாய். "பிள்ளைய வெளிய தூக்கிட்டுப் போடா. மண்டை வெடிக்குது."

அந்த நேரம் பார்த்து அம்புரோஸின் போன் வேறு. "அன்னைக்கிப் பிள்ளை அழுதா நம்ம குழுப் பையன் எட்ரியன் வாசிக்கட்டும்லா. கோவிச்சுக்காத."

டெரன்ஸ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பனிமூட்டத்தில் இறங்கி நடந்தான். தேயிலை பேக்டரி வாசலுக்கு வந்ததும் அழுகை நின்றது. தாண்டிப் போனான், மறுபடி ஆரம்பித்தாள். திரும்பி வந்தான், கப்சிப்.

உள்ளே ரோலர் மிஷின் கொழுந்தை உருட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்து மிஷின். கரடக், கரடக், கர்ர்ர்... டக். இத்தனை வருஷமும் அவன் அதை வெறும் இரைச்சல் என்றுதான் நினைத்திருந்தான். பூசையில் நற்கருணையை உயர்த்தும்போது சனங்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் ரெனீ. அவனுக்குப் புல்லரித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னான். ஜெனட் சிரித்தாள்.

"எட்டாவது மாசம் வரைக்கும் அந்த ரோலர்கிட்டதானே வேலை செஞ்சேன். வயித்துக்குள்ள அவ கேட்ட மொத பாட்டே அதான்."

"என்ன ரசனையோ போ. நாமெல்லாம் தேடித் தேடிக் கேட்டு வளத்துக்கிட்டோம். இவளுக்கு மிஷின் குடுத்திருக்கு," என்றான் டெரன்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை. தலையில் பாதர் தண்ணீர் ஊற்றும்போதுகூட ரெனீ அழவில்லை. கீபோர்டு தாளம் போட ஆரம்பித்ததும் கோயிலே அதிரக் கத்தினாள். அம்புரோஸ் எட்ரியனுக்குக் கண்ணைக் காட்டினார்.

எட்ரியன் எழுந்துவிட்டான். அழுதா அழட்டும், ஒரு பாட்டாவது அப்பன் கையால கேக்கட்டும் என்று டெரன்ஸ் கீபோர்டின் தாளத்தை நிறுத்தினான். தன் இஷ்டத்துக்கு வாசித்தான். மூன்றாவது அடி வழக்கம்போல நொண்டியது.

ரெனீ அடங்கினாள். அவள் மட்டுமில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள், பேக்டரிக்காரர்கள், தோட்டத்து ஆபீஸ் கிராணியின் குடும்பம், யாரிடமிருந்தும் ஒரு இருமல்கூட இல்லை. பாட்டு முடிந்தது. அம்புரோஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பூசை முடிந்ததும் அவரே தேடி வந்தார். "எங்கடா புடிச்ச இந்தத் தாளத்த?"

"அதான் அப்பவே சொன்னேனேண்ணே. என் சொந்த ஸ்டைல்."

தூங்கும் ரெனீயைத் தோளில் வைத்திருந்த பார்பரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொந்த ஸ்டைலாம். உங்கம்மாவும் உன்னைய சுமந்துக்கிட்டு அதே ரோலர்கிட்டதான்டா நின்னா."