சாக்குக்கு இரண்டு கிலோ

கஹவத்தை,
திங்கட்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் செபஸ்ரியன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஹில்டாவின் கணவன் ரொபர்ட் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் கோழிகளும் நலம். ஹில்டா நலமா என்பது இந்த நிமிடம் வரை உறுதிப்படுத்தப்படவில்லை. காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. தெஹியோவிட்டவில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு செய்திக்கு வருகிறேன்.

சனிக்கிழமை ஹில்டா எழுதிய தேர்வின் ஐந்தாம் கேள்வியில், தேயிலைக் கொழுந்தின் நிறை சாக்கோடு சேர்த்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. சாக்கின் நிறையைக் கழித்தால்தான் விடை சரியாக வரும். இது இன்று காலை உறுதியானது. ஆதாரம் வினாத்தாளே. தேர்வுக்குக் கொண்டுபோன ரொட்டியில் மிஞ்சியதை ஹில்டா அதில்தான் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். காய்ந்த ரொட்டியைக் கோழிக்குப் போட எடுத்தபோது என் கண்ணில் பட்டது. எண்ணெய் ஊறியிருந்தாலும் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. ஆகவே சனிக்கிழமை மாலை நான் போனில் உங்களுக்குச் சொன்ன நல்ல செய்தி தவறு. நீங்கள் இங்கே வர வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசிய வேனைத் தயவுசெய்து நிறுத்திவிடவும்.

இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சென்ற தடவை நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், "கணக்கைச் சரியாகச் செய்துவிட்டாள்" என்று நான் சொன்னது உங்கள் லயத்து வீடுகள் முழுவதற்கும் கேட்டு, பேசி முடிப்பதற்குள் பதினான்கு பேர் வேன் ஏறத் தயாராகிவிட்டார்கள். பின்னால் யாரோ கேக்கைப் பற்றிப் பேசியதும் கேட்டது. இருபத்தாறு வருடமாகப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறேன். என் செய்தி எதுவும் இவ்வளவு வேகமாகப் பரவியதில்லை. அதனால் இம்முறை எழுத்தில். அவிசாவளை பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் மக்கீன் கொண்டுவந்து தருவார்.

தேர்வு எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முன்கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடுவது என் தொழில் பழக்கம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். தேர்வில் பாஸானால் அந்த வேலை ஹில்டாவுக்கு என்று தோட்டத்து ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய முழங்காலைப் பார்த்த இரத்தினபுரி டாக்டர், இனிமேல் மலையேறக் கூடாது என்கிறார். மலையேறாத வேலை தோட்டத்தில் இது ஒன்றுதான் காலியாக இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் அவளைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. கணக்கில்தான் சந்தேகம்.

கழித்தல் அவளுக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். அளவுக்கு மீறி வருகிறது, அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு சாக்குக் கொழுந்தை நிறுக்கும்போதும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோவைக் கழிப்பது எங்கள் மலையில் வழக்கம். இருபது வருடம் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவள் ஆகையால், எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் இரண்டைக் கழித்துவிட்டுத்தான் மற்றக் காரியம் பார்க்கிறாள். ஒருவரிடம் ஐம்பது மாம்பழம் இருந்தது, பதினெட்டை விற்றார், மீதி எத்தனை என்று கேட்டேன். முப்பது என்றாள். முப்பத்திரண்டு அல்லவா என்றால், "அடியில நசுங்கினது ரெண்டு இருக்கும்ல?" என்கிறாள். பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர், பதினேழு பேர் இறங்கிவிட்டார்கள், மிச்சம் எத்தனை பேர் என்றேன். முப்பத்துமூன்று என்றாள். "டிரைவரும் கண்டக்டரும் டிக்கெட்டா எடுத்தாங்க?" ஒவ்வொரு தடவையும் பதில் தவறு, ஒவ்வொரு தடவையும் அவளிடம் விளக்கம் இருந்தது, என்னிடம்தான் இல்லை.

அட்சரகணிதம் இதைவிடச் சிக்கல். இரண்டு பெண்கள் சேர்ந்து நாற்பது கிலோ பறித்தார்கள், ஒருத்தி மற்றவளைவிட நான்கு கிலோ அதிகம், குறைவாகப் பறித்தவளின் அளவை x என்று வைத்துக்கொள் என்றேன். "பேரு இல்லாத ஆளுக்கு யாருங்க கொழுந்து நிறுப்பா?" என்று கேட்டாள். பெயர் சொல்ல விரும்பாத ஆட்களை வைத்துத்தான் நான் பாதிச் செய்தி எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அது எடுபடவில்லை. கடைசியில் x என்ற இடத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வெள்ளையம்மாவை வைத்தேன். வெள்ளையம்மாவும், வெள்ளையம்மாவோடு நான்கும் சேர்ந்தால் நாற்பது. நான்கை எடுத்துவிட்டால் இரண்டு வெள்ளையம்மா முப்பத்தாறு. ஒரு வெள்ளையம்மா பதினெட்டு. லயத்தில் வீட்டுக்கு வீடு உள்ள சுவர் கூரைவரை போகாது, மேல்பக்கம் திறப்பு என்பதை நான் யோசிக்கவில்லை.

"அண்ணே, என்னைய எதுக்கு ரெண்டாக்குறீங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"கணக்குக்காகம்மா."

"அப்ப ஒங்க ஹில்டாவ ரெண்டாக்குங்க. நா பதினெட்டுக் கிலோ எடுத்ததா வெளிய சொல்லிராதீங்க, எங்க வீட்டுல இருபத்திரெண்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஹில்டாவின் விடை பதினேழு. வெள்ளையம்மாவைத் தொடுவதற்கு முன்பே நாற்பதில் இரண்டை வெட்டியிருந்தாள்.

அதன் பிறகு ஒரே பாடம்தான் நடத்தினேன். வெட்டாதே. பரீட்சைத் தாளில் சாக்கு இல்லை, ஈரம் இல்லை, நிறுக்கிற கணக்கப்பிள்ளை இல்லை. உள்ள எண் உள்ளபடி. சோறு போடும்போது கேட்பேன், துணி காயப்போடும்போது கேட்பேன். வெட்டமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. சனிக்கிழமை தேர்வு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது நான் கேட்ட முதல் கேள்வி, வெட்டினாயா என்பதுதான். வெட்டவில்லை என்றாள். அதைத்தான் உங்களுக்குப் போனில் சொன்னேன். ஒரே ஆதாரத்தை நம்பிச் செய்தி கொடுக்கக் கூடாது என்று தெரிந்தும் கொடுத்தேன்.

இப்போது ஐந்தாம் கேள்வியை உள்ளபடி தருகிறேன். இரண்டு சாக்குக் கொழுந்து, சாக்குகளோடு சேர்த்து நாற்பத்தாறு கிலோ. வெறும் சாக்கு ஒவ்வொன்றும் ஒரு கிலோ. முதல் சாக்கில் இரண்டாவதைவிட நான்கு கிலோ கொழுந்து அதிகம். ஒவ்வொன்றிலும் கொழுந்து எவ்வளவு? சாக்குகளுக்கு இரண்டு கிலோவைக் கழித்தால் இருபதும் இருபத்துநான்கும். கழிக்காவிட்டால் இருபத்தொன்றும் இருபத்தைந்தும், அது தவறு. அவளுடைய வாழ்க்கையில் இரண்டு கிலோவை வெட்ட வேண்டிய ஒரே கணக்கில் வெட்டாமல் வந்திருக்கிறாள், அதுவும் நான் சொல்லி. மற்ற விடைகளை அவள் ஞாபகத்திலிருந்து சொல்ல, நேற்று இருவரும் உட்கார்ந்து சரிபார்த்தோம்; ஐந்தாவதைச் சரி என்றே நம்பிக் கேட்காமல் விட்டேன். இந்தக் கேள்வி போனால் பாஸ் இல்லை. இதை இன்று காலை ரொட்டித் தாளோடு போய்ச் சொன்னேன். அவள் கோழிகளுக்கு மட்டும் பதில் சொன்னாள்.

வேனை நிறுத்தியதற்குக் காரணம் கேட்பவர்களிடம் என் பெயரைச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் வீட்டையும், முடிந்தால் ஹில்டாவின் முழங்காலையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்
ரொபர்ட்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஹில்டா வாங்கிப் படித்துவிட்டாள். நடந்ததை அப்படியே தருகிறேன்.

"வெட்டுனேங்க," என்றாள்.

"என்னது?"

"சாக்குன்னு கண்ணுல பட்டதும் கை வெட்டிருச்சு. வெட்டிட்டுத்தான் மிச்சத்தப் படிச்சேன்."

"சாக்கு ஒவ்வொண்ணும் ஒரு கிலோன்னு இருந்திச்சே, அது?"

"அந்த வரிய விட்டுட்டேன். அதுதான் ஏற்கெனவே வெட்டியாச்சுல்ல."

"அப்ப சனிக்கிழம ஏன் வெட்டலன்னு சொன்ன?"

"வெட்டுனேன்னா மறுபடி மொதல்லருந்து வெள்ளையம்மாவக் கூப்பிடுவீங்க. எனக்குப் பசி."

ஆக, மேலே எழுதியவற்றில் கோழிகள் நலம் என்பதைத் தவிர மற்றதற்கெல்லாம் திருத்தம் தேவைப்படுகிறது. ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. மலையில் கழிப்பது சாக்குக்கு இரண்டு கிலோ. அந்தக் கணக்கில் சாக்கு இரண்டு. மொத்தமாக இரண்டை வெட்டியிருந்தால் விடை சரி, வேலை கிடைக்கும். சாக்குக்கு இரண்டு வீதம் நான்கை வெட்டியிருந்தால் பத்தொன்பதும் இருபத்துமூன்றும், மறுபடி மலைதான். எத்தனை தடவை வெட்டினாய் என்று கேட்டேன்.

"அதக் கையத்தான் கேக்கணும்," என்றாள்.

பஸ் வந்துவிட்டது. மக்கீன் டிரைவரை ஹோர்ன் அடிக்கச் சொல்லிவிட்டு, "ஹரி அண்ணே, ஹரி, குடுங்க," என்று ‘சரி’யைச் சிங்களத்தில் சொல்லிக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார். முடிவை வெள்ளிக்கிழமை காலை தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்களாம். அதுவரை வேனை நிறுத்த வேண்டாம். கேக்கில் என்ன எழுதுவது என்பதை மட்டும் கடையில் இன்னும் சொல்லாமல் வைத்திருங்கள்.